அறிவிப்பாளர் வீட்டுத் தகர வாளி

தேசிய மொழிச் சட்டம் வந்த ஒன்பதாம் ஆண்டு, நகராட்சி அலுவலகத்தின் மாடிக் கதவு ஒன்று, தடைசெய்யப்பட்ட மொழியில் பேசியதற்காகக் கீல்களோடு கழற்றப்பட்டு லாரியில் ஏற்றப்பட்டது. அது ஒன்றும் பெரிய அரசியல் பேசிவிடவில்லை. "ஐயா சாப்பிடப் போயிருக்கார், நாளைக்கு வாங்க" என்றது, அவ்வளவுதான். அந்த அலுவலகத்துக்கு மனுவோடு வந்தவர்கள் காலங்காலமாகக் கேட்டுச் சலித்த பேச்சு அது. ஆனால் கதவு அதைச் சின்ன மொழியில் சொன்னது. அன்றைக்கு வரி கட்ட வந்த கூட்டத்தில் பாதிப் பேர், சொல்வது கதவுதான் என்று தெரிந்தும், பழக்கதோஷத்தில் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

சின்ன மொழி என்பது அதன் பெயரல்ல. அந்த நாட்டில் இரண்டு மொழிகள் இருந்தன, இரண்டுக்கும் அழகான பெயர்கள் இருந்தன, இரண்டையும் பேசியவர்கள் ஏறக்குறையச் சரிபாதி. ஒரு கணக்கெடுப்பில் ஒரு பக்கம் கொஞ்சம் தலை கூடிவிட்டது. கூடிய பக்கம் பெரிய மொழி ஆயிற்று, மற்றது சின்ன மொழி. 'ஒரு நாட்டுக்கு ஒரு நாக்கு' என்று சுவரெல்லாம் எழுதினார்கள். முதலில் பெயர்ப்பலகைகள் மாறின, பிறகு பள்ளிக்கூடம், பிறகு நீதிமன்றம், கடைசியில் சட்டம் அடுப்படிக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. புருஷன் ஒரு மொழியிலும் பெண்டாட்டி இன்னொன்றிலும் சண்டை போட்டு, எந்த மொழி என்று தெரியாமலே சமாதானமாகிக்கொண்டிருந்த வீடுகளில் ஒருவர் வாயை மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று. எதிர்ப்பு இல்லாமல் இல்லை. சின்ன மொழிக் கட்சி ஊர்வலம் போயிற்று, கல் வீசியது, சிறைக்குப் போயிற்று, தேர்தலில் நின்று சில இடங்களில் ஜெயிக்கவும் செய்தது. ஜெயித்தவர்கள் தங்கள் பிள்ளைகளைப் பெரிய மொழிப் பள்ளியில் சேர்த்தார்கள். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. வாய் அதிகாரிக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று என்று வாழப் பழகினார்கள். பிறகு மனசுக்குள் பேசுவதையும் மறந்தார்கள்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் கதவு வாயைத் திறந்தது. மரத்தில் ஈரம் ஏறியிருக்கிறது என்றார் பொறியாளர். கதவுகளும் களத்தில் இறங்கிவிட்டன என்றது கட்சி. வெளிநாட்டுச் சதி என்றார் அமைச்சர். அதற்குள் தையற்கடை மேஜை, மருத்துவமனைப் பெஞ்சு, பள்ளிக்கூடத்து நாற்காலிகள் என்று ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கவே, ஏன் என்று கேட்பதை எல்லோரும் விட்டுவிட்டார்கள். இத்தனை காலம் தங்கள் மேல் கை வைத்து, சாய்ந்து, உட்கார்ந்து பேசியவர்களின் குரலிலேயே அவை பேசின. முதலில் மரச்சாமான், சில வருஷம் கழித்துப் பீங்கான், அதற்குப் பிறகு இரும்பு என்று வரிசையாக வந்தது. தகரம் மட்டும் நெடுங்காலம் வாய் திறக்கவில்லை.

அரசாங்கத்துக்கு ஒரு சங்கடம் வந்தது. ஒரு பொருள் பேசுவது தடைசெய்யப்பட்ட மொழிதானா, வெறும் கிரீச்சொலியா என்று சொல்ல, அந்த மொழி தெரிந்த ஆள் வேண்டும். அந்த மொழி தெரியும் என்று ஒப்புக்கொள்வதோ குற்றம். யோசித்துப் பார்த்துக் 'கேட்பாளர்' என்று ஒரு பதவியை உண்டாக்கினார்கள். அதற்கு முதல் ஆளாக வந்தவள் தொலைபேசி நிலையத்தில் ஒரு காலத்தில் வேலை பார்த்த பெண். இரண்டு மொழிக்காரர்களுக்கும் இணைப்புக் கொடுத்து வந்தவள். இயந்திரம் வந்து அந்த வேலை போயிருந்தது. வீட்டில் பள்ளிக்கூடம் போகும் மகள் இருந்தாள், புருஷனின் சம்பளமும் குறைந்திருந்தது. போனாள். ஊர் அவளுக்குக் காதம்மா என்று பெயர் வைத்தது. முகத்துக்கு நேரே சொல்லவில்லை, ஆனால் அவள் காதுக்கு எது தப்பும்?

பொருட்கள் முறைத்துப் பார்த்தால் பேசாது என்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். அதட்டினாலும் பேசாது. பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது வீட்டு வேலையைச் செய்துகொண்டிருக்க வேண்டும். அவள் பையில் ஒரு கூறு பீன்ஸ் எடுத்துப் போவாள். அலமாரிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நார் உரிப்பாள். கால் பங்கு உரிப்பதற்குள் அலமாரி தன் பாட்டுக்குப் புலம்ப ஆரம்பித்துவிடும். அவள் எழுந்து கை கழுவி, ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்வாள். ஆமாம் என்றால் லாரி வரும். ஒருமுறை தையற்காரர் ஒருவரின் விதவை, புருஷன் குரலில் அளவு சொல்லிக்கொண்டிருந்த மேஜையின் காலைக் கட்டிப்பிடித்தபடி, "உனக்கும் ஒரு வீடு இருக்கும்ல, அங்கயும் ஒரு சாமான் இருக்கும்ல" என்று கேட்டாள். காதம்மா எழுந்து கை கழுவினாள். அன்றைக்கு உரித்த பீன்ஸைச் சமைக்க மனம் வராமல் குப்பையில் கொட்டினாள்.

அவள் வீட்டில் பேசாத ஆள் ஒருவர் இருந்தார், அவள் புருஷன். ஒரு காலத்தில் ரயில் நிலையத்தின் அறிவிப்பாளர். அவர் குரல் கேட்டு ஊர் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும். ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு மொழியிலும் சொல்வார், முதலில் பெரிய மொழி, பிறகு சின்ன மொழி. சட்டம் அமலுக்கு வந்த முதல் நாள் காலை, இரண்டாம் நடைமேடைக்கு வர வேண்டிய ஆற்றுப்பக்கத்து வண்டியை நான்காம் நடைமேடைக்கு மாற்றினார்கள். அவர் அதைப் பெரிய மொழியில் திரும்பத் திரும்பச் சொன்னார். சின்ன மொழியில் சொல்ல வாயெடுத்தபோது, பின்னால் நின்ற மேலதிகாரி அவர் தோளில் கை வைத்தார். அழுத்தக்கூட இல்லை, சும்மா வைத்தார். பெரிய மொழி தெரியாத ஆற்றுப்பக்கத்து ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு இரண்டாம் நடைமேடையில் நின்றார்கள். தங்கள் வண்டி தூரத்து நடைமேடையில் வந்து நிற்பதைப் பார்த்ததும் பதறிப்போய்த் தண்டவாளத்தில் குதித்து ஓடினார்கள். நடுவில் ஒரு சரக்கு வண்டி வந்தது. எல்லோரும் கடந்துவிட்டார்கள், தலையில் மூட்டையோடு கடைசியாக இறங்கிய ஒரு பெண்ணைத் தவிர.

அறிவிப்பு சட்டப்படியே செய்யப்பட்டிருக்கிறது, யார் மேலும் தவறில்லை என்று விசாரணை சொன்னது. அவர் அன்றைய வேலையை முடித்து, வீட்டுக்கு வந்து, சட்டையை ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகு எந்த மொழியிலும் பேசவில்லை. சபதம் என்றெல்லாம் எதுவும் இல்லை. பேச்சு வரவில்லை, அவ்வளவுதான். ரயில்வே அவரைப் பார்சல் அறைக்கு மாற்றியது. அங்கே பெட்டிகளோடு பேச வேண்டிய அவசியம் இல்லை. காதம்மா முதலில் கெஞ்சினாள், பிறகு சண்டை போட்டாள், அதற்கும் பதில் வராததால் சண்டையும் ஓய்ந்துவிட்டது. ஊரெல்லாம் போய்க் கேட்டுவிட்டு வருகிறவள், தன் வீட்டில் கேட்க ஒன்றுமில்லாமல் படுத்துக்கொள்வாள்.

சட்டம் வந்தபோது சில மாதக் குழந்தையாக இருந்த மகள் பெரிய மொழியில் வளர்ந்தாள், பெரிய மொழியில் கனவு கண்டாள், தேசிய கீதத்தை மூச்சு விடாமல் பாடிப் பரிசு வாங்கினாள். எங்கப்பா ஊமை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்திருந்தாள். அது பொய்யும் இல்லை. படிப்பை முடித்ததும் பெரிய மொழி ஆசிரியை வேலை கிடைத்தது. சேர்வதற்கு ஒன்றே ஒன்றுதான் பாக்கி: சுத்த வீட்டுச் சான்று. அதன் விதி விசித்திரமானது, ஆனால் ஊருக்கே மனப்பாடம். மனிதன் பேசினால் அது அவனுடைய குற்றம், முகாமுக்கு அனுப்பித் திருத்திவிடலாம். பொருள் பேசினால் அது வீட்டின் குற்றம், ஏனென்றால் பொருளைத் திருத்த முடியாது. பேசிய பொருளை ஒப்படைத்தாலும் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பல வருஷம் அரசு வேலை கிடையாது. திருட்டுத்தனமாக அப்புறப்படுத்தவும் வழியில்லை. ஆற்றில் போட்ட நாற்காலிகள் மீனவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டன. தோட்டத்தில் புதைத்த உரல் செடிகளுக்கு அடியிலிருந்து குழம்புக்குப் பக்குவம் சொன்னது.

சான்றுக்கான சோதனைக்குச் சில நாள் இருக்கும்போது, தகரம் பேசத் தொடங்கியது.

குளிக்கப் போன மகள் தலையில் துண்டோடு ஓடிவந்தாள். "அம்மா, உள்ள யாரோ ஆம்பள பேசுறாங்க. யாருமே இல்ல." காதம்மா குளியலறைக்குள் போனாள். மூலையில், பிடி வளைந்த பழைய தகர வாளி காலியாக இருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு குரல், எந்தக் காலத்திலோ நிறுத்தப்பட்ட ஒரு வண்டி, எந்தக் காலத்திலோ இடிக்கப்பட்ட ஒரு நிலையத்துக்குப் புறப்படப்போவதாகச் சின்ன மொழியில் அறிவித்தது. அறிவிப்பாளராக இருந்தபோது அவர் தினமும் குளித்துக்கொண்டே அன்றைய அறிவிப்புகளைப் பயிற்சி செய்வார். அந்த அறையில் எதிரொலி நன்றாக இருக்கும். காதம்மா ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று நினைக்கக்கூட நேரமில்லை, அழுகை முந்திக்கொண்டது. வாயில் புடவைத் தலைப்பை வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள்.

"என்னம்மா சொல்லுது?"

"வண்டி பேரு, நடைமேடை. வேற ஒண்ணுமில்ல." கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இப்ப உன்னைச் சொல்லுது" என்றாள்.

"என்னையா?"

"உன்னை இந்த வாளித் தண்ணியிலதான் குளிப்பாட்டுவார். வண்டி மாதிரி அறிவிப்பார். 'நம்ம வீட்டு மகாராணி முதல் நடைமேடையில் வந்து நிற்கிறார். கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளவும். தலையில் தண்ணீர் புறப்படத் தயாராக உள்ளது.' இப்படி."

மகள் கதவில் சாய்ந்துகொண்டாள். "அப்பா குரல் இவ்வளவு கனமா இருக்குமா?" என்று கேட்டாள். பிறகு ஆத்திரம் வந்தது. "இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு, என் வேலை நேரத்துலதான் பேசணுமா? எங்கயாவது தூக்கிப் போடும்மா." தூக்கிப் போட முடியாது என்பது அவளுக்கும் தெரியும். சாயங்காலம் அவளே வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்குப் புரியாத மொழியில் தன்னைப் பற்றிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் பார்சல் அறையிலிருந்து வந்து, குளியலறை வாசலில் நின்று, தன் குரலைத் தானே கேட்டார். சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

நீர் நிறைந்திருந்தால் வாளி பேசாது என்பதைக் காதம்மா கவனித்தாள். தொழில் பழக்கம். சோதனை நாளன்று விளிம்பு வரை நிரப்பி வைத்தாள்.

வந்தவன் இளைய கேட்பாளர், அவளிடமே வேலை பழகியவன். சட்டத்துக்குப் பிறகு பிறந்தவன், பெரிய மொழிக் குடும்பம். பறிமுதல் சாமான்களை அடுக்கி வைத்த கிடங்கில் காவலாளியாக இருந்தவன். அந்தக் கிடங்குதான் நாட்டிலேயே சின்ன மொழி அதிகம் பேசப்பட்ட இடம். கதவும் கட்டிலும் இராப்பகலாக ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்க, காவலுக்கு இருந்த பையன்கள் எல்லோரும் அதைக் கற்றுக்கொண்டார்கள். இவன் பேச்சில் மாடிக் கதவின் சாயல் இருக்கும், எதற்கெடுத்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்பான். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. நம்ம வீடுன்னு கேக்காம எழுத முடியாதுல்ல" என்றான். பையிலிருந்து ஒரு கூறு பீன்ஸை எடுத்தான்.

கூடத்தில் உட்கார்ந்து உரித்தான், படுக்கையறையில் உரித்தான், அடுப்படியில் உரித்தான். எதுவும் வாய் திறக்கவில்லை. மகள் பின்னாலேயே நடந்தாள். குளியலறை வாசலில் அவன் உட்கார்ந்தபோது காதம்மாவின் கண்ணில் அது பட்டது: வாளியின் அடியிலிருந்து நூலாக ஒரு ஈரம், சாக்கடைத் துவாரத்தை நோக்கி. தகரம் ஓட்டையாகியிருந்தது. நீர் ஏற்கெனவே பாதிக்கும் கீழே போயிருந்தது. எழுந்து போய் ஊற்ற முடியாது. அவள் ஊரார் வீடுகளில் உட்கார்ந்தபோது, இந்த மாதிரி எத்தனை பேர் தங்கள் சாமானையே பார்த்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றிருப்பார்கள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இளைஞன் நிதானமாக நார் உரித்தான். நீர் வடிந்தது.

"பயணிகளின் கனிவான..." என்றது வாளி.

கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த புருஷன் கையிலிருந்த சட்டையைக் கீழே போட்டுவிட்டு வந்தார். இளைஞனைத் தாண்டிக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே குழாய் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு அதே குரல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

"...கவனத்திற்கு. இரண்டாம் நடைமேடைக்கு வர வேண்டிய ஆற்றுப்பக்கத்து வண்டி இன்று நான்காம் நடைமேடைக்கு வரும். பயணிகள் மேம்பாலத்தில் ஏறி வரவும். தண்டவாளத்தைக் கடக்க வேண்டாம். எல்லோரும் ஏறும்வரை வண்டி நிற்கும்." கொஞ்சம் நின்றது. "அம்மா, மூட்டை வெச்சிருக்கிற அம்மா. இறங்காதீங்க. அவசரமில்ல. பாலத்துல வாங்க. வண்டி நிக்கும்மா, உங்களுக்காக நிக்கும்."

வாளிக்கு என்னென்ன தெரியும் என்பது இந்தச் சில நாளில் காதம்மாவுக்கு மனப்பாடம். இந்த அறிவிப்பு அதற்குத் தெரிய வழியில்லை. இதை யாரும் எங்கும் சொன்னதில்லை.

கதவு திறந்தது. அவர் தலையிலிருந்து நீர் சொட்ட வெளியே வந்து, இளைஞன் முன்னால் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார், விலங்கு மாட்டு என்பதுபோல. அந்த இளைஞன் மனிதர்களிடம் அல்ல, சாமான்களிடம் அந்த மொழியைக் கற்றவன். எது தகரத்தின் குரல், எது தொண்டையின் குரல் என்று அவனைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் அந்த நாட்டில் இல்லை. அவன் பீன்ஸைப் பொட்டலம் கட்டினான். 'பேசியவர்: வீட்டுக்காரர். பொருட்கள்: சுத்தம்' என்று எழுதினான். அவனுக்குத் தெரிந்ததா இல்லையா என்று காதம்மா கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

அவரை மொழி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். வாசல் வரை போன மகள் "அப்பா" என்று சின்ன மொழியில் கூப்பிட்டாள். வாளியிடம் கற்ற சொல். காவலர்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள், அவர்களுக்கும் வீட்டில் சாமான்கள் இருந்தன. முகாமில் அவர் வாயே திறக்கவில்லை. முன்னேற்றமும் இல்லை, குற்றமும் இல்லை என்று எழுதி, காலம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். மகள் வேலையில் சேர்ந்தாள். பெரிய மொழியை நன்றாகவே கற்றுக்கொடுத்தாள், அதன் மேல் அவளுக்கு எந்தக் கோபமும் இல்லை. அவள் முதலில் பேசிய மொழி அதுதானே.

பிறகு சில தேர்தல்கள் வந்து போயின. களைத்துப்போன கட்சிகள் கூட்டணி வைத்தன. கிடங்குகள் நிரம்பி, பள்ளிக்கூடங்களில் உட்கார நாற்காலி இல்லாமல் போயிருந்தது. சட்டம் திருத்தப்பட்டது: பொருட்கள் எந்த மொழியிலும் பேசலாம், குடிமக்கள் தேசிய மொழியில் மட்டுமே பேச வேண்டும். இரண்டு தரப்பும் வெற்றி வெற்றி என்று சுவரொட்டி ஒட்டின. நகராட்சிக் கதவு பழைய கீல்களுக்கே திரும்பி வந்தது. தையற்காரரின் மேஜையை விதவை வீட்டில் கொண்டுபோய் இறக்கியபோது காதம்மாவும் கூடப் போனாள். அந்த அம்மாள் உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. இருவரும் நின்றபடியே மேஜை அளவு சொல்வதைக் கேட்டார்கள்.

அதற்கு அடுத்த மாதம் நிலைய அதிகாரி வீட்டுக்கு வந்தார். முன்பு தோளில் கை வைத்தவர் இல்லை, புதியவர். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். "ஜனங்க இன்னும் தண்டவாளத்துல இறங்குறாங்க. சட்டப்படி மனுஷன் சின்ன மொழியில அறிவிக்கக் கூடாது. வாளி அறிவிக்கலாம். உங்க வாளியை நிலையத்துக்குக் குடுத்து உதவுவீங்களா?" வாளிக்குப் பழைய வண்டிகள்தானே தெரியும் என்றாள் காதம்மா. புருஷன் எழுந்து, நிலைய அதிகாரியின் கையிலிருந்த புதிய கால அட்டவணையை வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே பேசியது யார் என்று நிலைய அதிகாரி கேட்கவில்லை. வாளிதான் என்று எழுதிக்கொண்டார்.

அதிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. காலையில் அவர் குளித்துக்கொண்டே அன்றைய வண்டிகளைச் சொல்வார். பிறகு வாளியைத் துடைத்து, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு நிலையத்துக்குப் போவார், ஒலிவாங்கி முன்னால் வைத்துவிட்டுப் பார்சல் அறைக்கு நடப்பார். குளியலறைக்கு வெளியே அவர் இன்றுவரை பேசியதில்லை. ஓட்டைக்கு மகள் ஈயம் வைத்து அடைத்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு குரலில் லேசான கரகரப்பு இருக்கிறது என்று ஆற்றுப்பக்கத்து ஜனங்கள் சொல்கிறார்கள்.

ஓய்வு பெற்ற காதம்மா சில நாள் இரண்டாம் நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்து பீன்ஸ் உரிப்பாள். போன வாரமும் அந்த வண்டியை நான்காம் நடைமேடைக்கு மாற்றினார்கள். முதலில் பெரிய மொழியில் ஒரு பெண் சொன்னாள், பிறகு வாளி சொன்னது. ஆற்றுப்பக்கத்துக்காரர்கள் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேம்பாலத்தில் ஏறினார்கள். சொன்னது யார் என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியாக ஒரு பெண், தலைச்சுமையோடு, படிக்குப் படி நின்று நின்று வந்தாள். எல்லோரும் ஏறும்வரை வண்டி நின்றது.